பூங்குழலி எந்தப் பக்கம் பார்த்து வலிப்பாள்?

2022 ஜூலை முதல் வாரத்தில் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்கள் நாளுக்கொரு முகமாக வெளியே வந்தார்கள். கரிகாலனாக விக்ரம், வந்தியத்தேவனாகக் கார்த்தி, நந்தினியாக ஐஸ்வர்யா ராய், குந்தவையாகத் திரிஷா, அருள்மொழியாக ஜெயம் ரவி. படம் திரைக்கு வரச் செப்டெம்பர் 30 வரை காத்திருக்க வேண்டும். வரைகிற கைகளுக்கு அந்தப் பொறுமை ஏது? சுவரொட்டி வெளியான அன்றைக்கே அதைப் பார்த்து வரைந்த குந்தவைகளும் வந்தியத்தேவன்களும் இன்ஸ்டகிராமில் வரிசை கட்டி நின்றார்கள்.

இலங்கையில் அந்த வாரம் வேறு வரிசை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று ஜூன் 28 இலிருந்து கட்டுப்பாடு. ஜூலை 9 அன்று கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. முல்லைத்தீவு மாவட்டம் முடிந்து திருகோணமலை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிற கொக்கிளாயில், மண்ணெண்ணெய் இல்லாமல் படகு எஞ்சின்களைக் கழற்றித் திண்ணையில் சாத்தியிருந்தார்கள். களப்புக்குள் போகிறவர்கள் பழையபடி தண்டு வலித்துப் போனார்கள். பலருக்கு அது கையை விட்டுப்போன பழக்கம். தோள் நோவுக்கு இரவில் எண்ணெய் பூசவேண்டி வந்தது.

சோழ இளவரசிகளுக்கும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கும் தொடர்பில்லைத்தான். ஆனால் அந்த ஊரில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டும் ஒரே படத்தில் வந்து சேர்ந்தன.

அவள் வரையத் தொடங்கிய கதையை அவள் சொன்னபடியே சொல்வதானால் கொரோனாவிலிருந்து தொடங்க வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, ஊரடங்கும் வந்தது. பாடங்கள் வட்ஸ்அப்பில் வருமென்றார்கள். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வந்தது. புதியதல்ல, மூலையில் கீறல் விழுந்தது. பாடத்துக்கென்று வந்த போனில் பாடம் தவிர மற்றதெல்லாம் நடந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அது முழுக்கப் பொய்யுமில்லை.

அந்த மாதங்களில் உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஓவியர்களிடையே ஒரு விளையாட்டுப் பரவியது. வெற்றுத்தாளில் ஆறு கட்டம். நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தின் பெயர் சொல்ல வேண்டும். ஆறு முகங்களையும் தன் பாணியில் வரைந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். மே மாதத்தில் இன்னொன்று: ‘செயிலர் மூன்’ கார்ட்டூனின் ஒரே ஒரு காட்சியை எடுத்து ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு விதமாகத் திருப்பி வரைந்தார்கள். இதெல்லாம் திடீரென்று முளைத்ததல்ல. தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை ரசிகர்களே வரைந்து, அச்சிட்டு, பரிமாறிக்கொள்ளும் கொமிக்கெட் சந்தை டோக்கியோவில் தொடங்கியது 1975 இல். டீவியன்ட்ஆர்ட் 2000 இல் வந்தது, ஜப்பானின் பிக்சிவ் 2007 இல். கொக்கிளாய்க்கு வந்து சேரத்தான் கொஞ்சம் சுணங்கிவிட்டது.

சுணங்காமல் என்ன செய்யும்? 1984 இன் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தது. போர் முடிந்த பிறகுதான் சனம் திரும்பி வந்து பற்றை வெட்டியது. அவள் பிறந்தது வேறிடத்தில், வளர்ந்தது பல இடங்களில்; கொக்கிளாய் என்பது அப்பாவின் வாயிலிருந்து கேட்ட ஊராகத்தான் முதலில் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய ஆறு கட்டங்களுக்கும் வந்த பெயர்கள்: லூஃபி, நருட்டோ, டோராஎமோன், செயிலர் மூன், நேசமணி, பூங்குழலி. நேசமணி யாரென்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. ‘பிரண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுதான். 2019 மே மாதக் கடைசியில் அவர் நலம்பெற வேண்டி உலகமே பிரார்த்தித்ததே! ஐந்து முகங்களும் அவளுக்குத் தெரிந்தவை. ஆறாவது மட்டும் தெரியவில்லை. அந்தப் பெயரைச் சொன்னவர் மதுரையில் கலியாண அல்பம் வடிவமைக்கும் கடையொன்றில் வேலை பார்ப்பவர்.

“கோடியக்கரைப் பொண்ணும்மா. தனியா படகு ஓட்டிட்டு இலங்கைக்கு வரும். உங்க ஊருக்குப் பக்கத்து ஆளு” என்று குரல்பதிவு அனுப்பினார்.

மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகமும் இலவசமாகக் கிடந்தன. கீறல் விழுந்த திரையில் அவள் இரவிரவாக வாசித்தாள். தஞ்சாவூரும் பழையாறையும் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் பாகத்தில் கதை கடலுக்கு இறங்கியதும், அதுவும் தொண்டைமானாறு என்ற பெயர் வந்ததும், எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆறு கட்டப் படம் சுமாராகத்தான் வந்தது. ஆனால் அதன் வழியாக நாலு பேர் ஒட்டிக்கொண்டார்கள். அவள், மதுரைக்காரர், மட்டக்களப்பில் ஜப்பானிய அனிமே மட்டுமே வரைகிற ஒரு பொடியன், கனடாவின் ஸ்காபரோவில் ஓவியம் படித்த ஓர் அக்கா. இவர்களில் எவரும் மற்றவரை நேரில் கண்டதில்லை.

நாலு பேரிடமும் நாலு விதக் கருவி. அக்காவிடம் ஐபேடும் புரொகிரியேட்டும். மதுரைக்காரர் பகலில் கடைக் கணினியில் ஃபோட்டோஷொப்பும், இரவில் வீட்டில் இலவச மென்பொருளான கிரிட்டாவும். மட்டக்களப்புப் பொடியனிடம் பழைய டேப்லெட். அவளிடம் போனும், ஜப்பானில் உருவான ஐபிஸ்பெயின்ட் என்ற இலவசச் செயலியும். விளம்பரமொன்றைப் பார்த்தால் பூட்டிக் கிடக்கும் பிரஷ்கள் கொஞ்ச நேரத்துக்குத் திறக்கும். அவள் பார்த்த விளம்பரங்களில் வந்த பொருள் எதுவும் முல்லைத்தீவில் விற்பனைக்கு இல்லை. பேனாவுக்குப் பதில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சி. அதன் நுனியை லேசாக நனைத்து, தண்டில் அலுமினியத் தாளைச் சுற்றி, விரல் அந்தத் தாளில் படும்படி பிடிக்க வேண்டும். உடலின் மின்னூட்டம் தாள் வழியாக ஈரப் பஞ்சுக்குப் போனால்தான் திரை அதை விரலென்று நம்பும். பஞ்சு காய்ந்தால் கோடு நடுவில் அறுந்துவிடும்.

இப்படிக் கருவிகள் ஒத்துவராமல் போனது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. ஒருவருடைய பிரஷ் கோப்பு மற்றவருடைய செயலியில் திறக்காது. ஆகவே “இந்தா, இதைப் போடு” என்று தூக்கிக் கொடுக்க வழியில்லை. கோடு எங்கே மெல்லிசாகத் தொடங்கி எங்கே தடிக்கிறது, நிறம் எத்தனை வீதம் ஊடு தெரிகிறது, நிழலுக்கு ஏன் மல்டிப்ளை லேயர், வெயிலுக்கு ஏன் ஓவர்லே என்று வாயால் விளக்க வேண்டியிருந்தது. விளக்கப்போனவருக்குத்தான் தான் செய்வதே முதன்முதலில் விளங்கியது என்று மதுரைக்காரர் சிரித்தாராம். இந்த விளக்கங்கள் பெரும்பாலும் குரல்பதிவுகள். ஸ்காபரோவுக்கும் கொக்கிளாய்க்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அக்கா இரவு படுக்கப்போகும் முன் அனுப்பியதை இவள் காலைத் தேத்தண்ணியோடு கேட்பாள்.

மட்டக்களப்புப் பொடியன் கற்றுத்தந்தது மிகச் சின்னது, மிகக் கொடியது. படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பார்ப்பது. அதுவரை அழகாக இருந்த முகம் திருப்பியதும் ஒரு பக்கம் சரிந்து, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருப்பது அம்பலமாகும். “திருப்பிப் பாத்தியா புள்ள?” என்பதுதான் அவனுடைய ஒரே விமர்சனம். ஆறு மணி நேரம் வரைந்தவளுக்கு அதைக் கேட்டால் போனைக் களப்புக்குள் எறியத் தோன்றும்.

அக்கா சொல்லிக்கொடுத்தது வேறு. படம் முடிந்ததும் எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு லேயர் ஒன்றை நிரப்பி, அதன் கலப்பு முறையைச் சாச்சுரேஷனுக்கு மாற்றச் சொன்னார். நிறமெல்லாம் வடிந்து படம் சாம்பலாகிவிடும். அப்போது முகம் பின்னணியோடு ஒட்டிப்போனால், நிறத்தில் எத்தனை வித்தை காட்டினாலும் அந்தப் படம் நிற்காது. சிவப்புச் சேலையும் பச்சைக் காடும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். சாம்பலில் பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டாக இருக்கலாம்.

இனி 2022 ஜூலைக்கு வருவோம். எல்லாரும் குந்தவையையும் நந்தினியையும் வரைகிறார்களே, நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பூங்குழலியை வரைவோம் என்று முடிவாயிற்று. இரவுக் கடல், படகு, பூங்குழலி வலிக்கிறாள், வந்தியத்தேவன் உட்கார்ந்திருக்கிறான். மதுரைக்காரர் முதல் கோட்டோவியம் போட்டார். விறைப்பான அழகு. படகு நம்மை நோக்கி வருகிறது, அணியத்தில் பூங்குழலி நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் இழுக்கிறாள், கூந்தல் பின்னால் பறக்கிறது, அவளுக்குப் பின்னால் வந்தியத்தேவன். இணையத்தில் அந்த நாட்களில் உலாவிய படகுப் படங்களில் பாதி இப்படித்தான் இருந்தன.

அவளுக்கு அந்தப் படத்தில் ஏதோ இடறியது. இன்னதென்று சொல்லத் தெரியாமல் அப்பாவிடம் போனை நீட்டினாள். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

“உந்தப் பெட்டை எங்க பாத்து வலிக்கிறாள்? உப்பிடி இருந்து இழுத்தா வள்ளம் பின்னுக்கெல்லோ போகும்” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இருந்துகொண்டு தண்டை இழுத்து வலிப்பவரின் முதுகுதான் போகிற திசையில் இருக்கும். முகம் பின்பக்கத்தைப் பார்க்கும். முன்னுக்குப் பார்க்க வேண்டுமானால் எழும்பி நின்று தண்டைத் தள்ள வேண்டும், அல்லது ஆழம் குறைந்த இடத்தில் கம்பை ஊன்றித் தாங்க வேண்டும். இதைச் சொன்னதும் மதுரைக்காரர் நம்பவில்லை. “ஏம்மா, எதிர்ல என்ன வருதுன்னு பாக்காமயா ஓட்டுவாங்க?” நியாயமான கேள்வி. சைக்கிளும் பைக்கும் ஓட்டுகிற ஊர்க்காரருக்கு முதுகுப் பக்கமாகப் போகிற வாகனம் அபத்தமாகத்தான் படும்.

மறுநாள் விடிய அப்பா களப்புக்குப் போகும்போது அவள் முழங்கால் தண்ணீரில் நின்று வீடியோ எடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காலமாக இருந்தால் இந்தக் காட்சி அவளுக்குக் கிடைத்திராது. அப்பா குதிக்கால் இரண்டையும் படகின் குறுக்குச் சட்டத்தில் உதைத்து ஊன்றியிருந்தார். தண்டு விளிம்பிலுள்ள முளையில் கயிற்று வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. கையால் இழுப்பதுபோலத் தெரிந்தாலும் வேலை முதுகிலும் காலிலும் நடந்தது. கை கடைசியில்தான் மடங்கியது. சில இழுப்புக்கு ஒருமுறை தலையை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலால் வழி பார்த்துக்கொண்டார். அப்போது கழுத்துத் தசை ஒன்று கயிறுபோலப் புடைத்து எழுந்தது.

அந்தக் கழுத்தைத்தான் அவள் வெட்டி எடுத்து அனுப்பினாள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிச் சிதைத்துவிடும் என்பதால் டொக்யுமென்டாக, இரவு டேட்டாவில்.

பிறகு நடந்ததுதான் சுவை. திசை மாறியதும் படத்தின் கதையே மாறியது. வலிப்பவள் பின்பக்கம் பார்க்கிறாள் என்றால், பின்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய முகத்துக்கு நேரே அவள் முகம். இரவு முழுக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடிதான் கடல் கடக்க வேண்டும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் வழி பார்க்கிற சாக்கில் தலையைத் திருப்பலாம். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெண்ணுக்கும் வாய் ஓயாத ஒரு வாலிபனுக்கும் இதைவிடப் பொருத்தமான இருக்கை உண்டா? பூங்குழலி தோளுக்கு மேலால் திரும்பி இருட்டைப் பார்க்கும் கணத்தைத்தான் கடைசியில் வரைந்தார்கள். வந்தியத்தேவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான்; அவள் கழுத்தில் அந்தத் தசை.

இந்தக் கதைக்குப் படம் வரைவது புதிதல்ல. கல்கி வார இதழில் நாவல் 1950 ஒக்டோபர் முதல் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த முகங்கள்தான் மூன்று தலைமுறைக்குப் பொன்னியின் செல்வனின் முகங்கள். 1924 இல் பிறந்து 1968 இல் மறைந்த மனிதர். நாற்பத்து நாலு வயது வாழ்க்கை. அவருடைய வந்தியத்தேவனை மனதில் வைத்துக்கொண்டுதான் படத்தில் கார்த்தி சரியா பிழையா என்று தாத்தாமார் வாதிட்டார்கள். வாசகரும் சும்மா இருக்கவில்லை. இதழில் வந்த படத்துக்கு மேல் பென்சிலால் கட்டம் கீறி, கொப்பியில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து வரைந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள், மதுரையிலும் இருந்தார்கள். ஐபிஸ்பெயின்ட்டில் கட்டக்கோடு காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதே வித்தைதான். பெயர்த்து வரைவதைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். பெயர்த்து வரையாமல் கை பழகிய ஓவியர் ஒருவரை இந்தக் கட்டுரைக்காரர் இன்னும் சந்திக்கவில்லை.

இரவுத் தண்ணீரை யார் தீட்டுவது என்பதில் சண்டை வந்தது. அக்கா கருநீலம் பூசினார். கடல் இரவில் நீலமாக இராது, வானம் எதுவோ அதுதான் தண்ணீர், தண்டு பட்ட இடத்தில் மட்டும் சில இரவுகளில் தானாக மினுங்கும் என்றாள் இவள். அந்த மினுக்கத்தை வெள்ளையில் வைத்தால் நட்சத்திரம்போல ஆகிவிடுகிறது. கடைசியில் மங்கிய பச்சையில், பூங்குழலியின் முகத்தைவிட ஒரு படி இருட்டாக வைத்து, சாம்பல் சோதனையில் பார்த்தார்கள். முகம் முதலில் தெரிந்தது, மினுக்கம் அதற்குப் பிறகு. அவளுடைய போனில் அந்த அளவுக் கான்வஸுக்குக் கொஞ்ச லேயர்தான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் முடிய முடிய லேயர்களை ஒன்றாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒன்றாக்கிய பிறகு மாற்ற வழியில்லை. “உனக்குத்தான் துணிச்சல் அதிகம்” என்று ஐபேட்காரி சொன்னதில் பாதி பொறாமை.

மண் நிறத்திலும் இப்படி ஒன்று நடந்தது. இன்னொரு படத்தில் லூஃபியைப் பனையோலைத் தொப்பியோடு கொக்கிளாய்க் கரையில் நிறுத்தினாள். கரையில் கறுப்புக் கோடுகள். ஏன் இவ்வளவு ஊத்தை என்று கேட்டார் அக்கா. ஊத்தையில்லை, இல்மனைட். பக்கத்துப் புல்மோட்டையில் அரச நிறுவனம் அள்ளி ஏற்றுமதி செய்கிற அதே கனிம மணல். அலை வழித்துவிட்டுப் போன பிறகு கரையில் மை தடவியதுபோலக் கிடக்கும். போட்டோ அனுப்பிய பிறகு அந்தக் கோடுகள் தங்கிவிட்டன. 1951 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட களப்பு பக்கத்திலேயே இருக்கிறது. எனவே பூநாரை வேண்டும், கூழைக்கடா வேண்டும் என்று மற்ற மூவரும் கேட்கும்போதெல்லாம் அவள்தான் படம்பிடித்துக் கொடுப்பாள்.

பூங்குழலி ஓவியம், திரைப்படம் வெளியான வாரத்தில் நன்றாகப் பரவியது. பரவிய வேகத்தில், யாரோ நடத்தும் சினிமாப் பக்கமொன்று மூலையிலிருந்த நாலு பேரின் கையெழுத்தையும் வெட்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. அழுவதா, சண்டை பிடிப்பதா? மட்டக்களப்புப் பொடியன் இரண்டும் செய்யவில்லை. ஐபிஸ்பெயின்ட், வரைகிற ஒவ்வொரு கோட்டையும் பதிந்துவைத்து வேக வீடியோவாகத் தரும். வெற்றுத்தாளில் முதல் கோடு விழுவதிலிருந்து கழுத்துத் தசை வரும்வரையான அந்த வீடியோவை, ஒரு சொல்லும் சேர்க்காமல், அந்தப் பதிவின் கீழேயே போட்டான். இரண்டு நாளில் பதிவு காணாமல் போனது. மன்னிப்பு எதுவும் வரவில்லை.

அதன்பிறகு உரிமை பற்றிய பேச்சு வந்தது. நாவலை எழுதிய கல்கியின் எழுத்துகள் 1999 இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. பூங்குழலியை யாரும் வரையலாம், விற்கலாம். ஆனால் திரைப்படத்தின் உடையும் நகையும், நடித்தவரின் முகமும் வேறு கணக்கு. லூஃபியோ இன்னும் அவனை உருவாக்கிய எய்ச்சிரோ ஓடாவின் பிள்ளை. ஆசைக்கு வரைந்து நண்பருக்குக் காட்டலாம், அச்சடித்துக் கடை போட முடியாது. இந்தக் கோட்டை அவர்கள் ஒழுங்காகவே மதித்தார்கள். ஐஸ்வர்யா லெக்ஷ்மி நடித்த பூங்குழலியைப் போலல்லாமல், கரைவலை இழுக்கும் ஊர்ப் பெண் ஒருத்தியின் முகவெட்டில் அவள் வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடி, யாருடைய போட்டோவையும் நொடியில் ஜிப்லிப் படம்போல மாற்றித்தரத் தொடங்கியபோது ஊரெல்லாம் கூத்து. அவளுடைய மச்சாள்மார் எல்லாருடைய முகப்படமும் ஜிப்லி இயக்குநர் மியாசாக்கியின் படத்திலிருந்து வந்ததுபோல ஆயிற்று. நாலு பேரும் கோபப்பட்டார்கள், பிறகு ஆவலில் தாங்களும் ஒன்று கேட்டுப் பார்த்தார்கள்: தண்டு வலிக்கும் மீனவப் பெண். வந்த படத்தில் பெண் நம்மைப் பார்த்துச் சிரித்தபடி, போகிற திசையைப் பார்த்தபடி வலித்தாள். அவள் அதை அப்பாவிடம் காட்டினாள். “உவளும் அதே பள்ளிக்கூடம்தான்” என்றார்.

இப்போது அவள் காசுக்கும் வரைகிறாள். கலியாண அழைப்பிதழுக்கு மாப்பிள்ளை பெண்ணைச் சோழர் கால உடையில் வரைந்துதரக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து. விலை சொல்லக் கூசியவளுக்கு மணிக்கணக்குப் பார்த்து விலை போடச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. காசு வாங்குவதுதான் தலையிடி: இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாம், வாங்க வழியில்லை. வங்கிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சென்ற வருடம் லண்டனிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, தான் வந்தியத்தேவனாகப் படகு வலிக்க வேண்டும், மணமகள் குந்தவையாக உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு பேரும் முன்னுக்குப் பார்க்க வேண்டும் என்றார். அழைப்பிதழுக்கு முகம் தெரிய வேண்டுமல்லவா? அவள் மற்ற மூவரிடமும் கேட்டாள். மதுரைக்காரர் இப்போது பெரிய படகு நிபுணர். “எந்திரிச்சு நிக்க வச்சிரும்மா, கையில கம்பு குடுத்திரு” என்று உடனே பதில் போட்டார். அப்படியே மாப்பிள்ளையை நிறுத்தி, கையில் நீளக் கம்பு கொடுத்து, படகை ஆழமில்லாத களப்புக்குக் கொண்டுவந்து, பின்னால் இரண்டு கூழைக்கடாக்களையும் வைத்து அனுப்பினாள். மாப்பிள்ளை ஒரேயொரு திருத்தம் கேட்டார்: வயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட முடியுமா என்று.